நுவரெலியாவிலிருந்து பாரிஸுக்கு 5 கிலோ நாயை விமானத்தில் நம்மோடே வைத்துக் கொண்டு போகலாமா?

போகலாம் அக்கா. ஆனால் டிக்கெட்டுக்கு முன் இரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

முதலில் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப், அதன் பிறகே விசர்நாய்க்கடித் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது (IU) இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்றே தொடங்கினாலும் 4 மாதத்துக்கு மேல் ஆகும். ஏற்றுமதிச் சான்றிதழுக்கு பேராதனை, கெட்டம்பேயில் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

சில விமான நிறுவனங்கள் நாயைக் கேபினில் ஏற்றாது. எமிரேட்ஸ் ஏற்றாது. ஏற்றும் பல நிறுவனங்களில் பையோடு சேர்த்து 8 கிலோதான் எல்லை. பை முன் இருக்கையின் அடியில் போக வேண்டும்.

காற்றழுத்தத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். கேபின் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். உங்கள் பிள்ளை பிறந்ததே நுவரெலியாவின் 1,868 மீட்டரில்! எனக்குக் கவலை கட்டுநாயக்க விமான நிலைய வெக்கையும், அதற்கு முன் ரம்பொட மலைப்பாதை வளைவுகளும்தான். புறப்படும் அன்று சாப்பாட்டைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தூக்க மருந்து மட்டும் வேண்டாம், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்திவிடும்.

பையை இன்றே வீட்டில் திறந்து வையுங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையை உள்ளே போட்டால் நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.