பூனை கிணத்துல விழுந்துருச்சு

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். வாய் ஓயாம கதை சொல்வான், எழுதச் சொன்னா மட்டும் ரெண்டு வரியில நிறுத்திடுறான். தினமும் ஒரு பக்கம் எழுத வச்சு, தப்பையெல்லாம் சிவப்புப் பேனாவுல திருத்திக் குடுக்குறேன். இப்ப நோட்டை எடுத்தாலே வயித்துவலிங்கிறான். அவன் எழுதின பக்கம் ஒண்ணு இணைச்சிருக்கேன்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பக்கத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். "பூனை கிணத்துல விழுந்துருச்சு. நான் எட்டி பாத்தேன். அது கண்ணு மட்டும் தெறிஞ்சுது." இவ்ளோதான் எழுதியிருக்கான். நீங்க கிணத்துலயை அடிச்சு கிணற்றில்னு போட்டு, எட்டிக்குப் பக்கத்துல ஒரு 'ப்' சேத்து, தெறிஞ்சுதை தெரிந்ததுன்னு மாத்தியிருக்கீங்க. எல்லாம் சரியான திருத்தம்தான். ஆனா இருட்டுக் கிணத்துக்குள்ள கண்ணு மட்டும் தெரிஞ்சதைப் பாத்து எழுதியிருக்கானே பிள்ளை, அதுக்கு ஒரு வார்த்தை இல்லையேன்னு எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு.

நம்ம பிள்ளைங்க பேசுறது ஒரு தமிழ், எழுதுறது வேற தமிழ். கதையையும் யோசிச்சு, அதை எழுத்துத் தமிழுக்கும் மாத்தி, சின்ன ர-வா பெரிய ற-வா, ல-வா ள-வா ழ-வான்னும் ஒரே நேரத்துல பாக்கணும்னா எந்தக் கையும் நின்னுதான் போகும். அதனால முதல் தடவை பேசுற மாதிரியே எழுதட்டும், விட்டுருங்க. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்ல பிறந்த எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) கரிசக்காட்டுப் பேச்சையே கதையாக்கினவர், 1991ல அவருக்கு சாகித்ய அகாடமி விருதே குடுத்தாங்க.

அவன் எழுதி முடிச்சதும் பேனாவை எடுக்காதீங்க, கேள்வி கேளுங்க. கிணத்துல தண்ணி எவ்ளோடா இருந்துச்சு, பூனை கத்துச்சா, நீ யாரைக் கூப்பிட்டன்னு கேளுங்க, அவன் கடகடன்னு சொல்வான், அதையும் சேத்து எழுதுறியான்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு வரி பத்து வரியாயிரும். கை வலிக்குதுன்னா அவன் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க, ஒரு வார்த்தையும் மாத்தாம. அப்புறம் அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்க.

எழுத்துப்பிழையை விட்டுடச் சொல்லல. வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். இந்த வாரம் ர, ற மட்டும், மத்ததைக் கண்டுக்காதீங்க. ஸ்கூல் கட்டுரை, அந்த முன்னுரை முடிவுரையெல்லாம் கைடைப் பாத்து மனப்பாடம் பண்றது தனி விஷயம், அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. வீட்டு எழுத்துக்குப் படிக்கிற ஆள் ஒருத்தர் வேணும், ஊர்ல இருக்கிற ஆச்சிக்கு லெட்டர் போடட்டும், ஆச்சியையும் பதில் போடச் சொல்லுங்க. மளிகை லிஸ்ட்டைக்கூட அவன்கிட்ட குடுக்கலாம். உங்க ஊர்லயே 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, குழந்தைங்களுக்குன்னு தனிப் பகுதி வச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயி அவனுக்குப் பிடிச்சதை அவனே எடுக்க விடுங்க.

அப்புறம், அந்தப் பூனை மேல வந்துச்சா இல்லையான்னு அவன் எழுதின பக்கத்துல இல்ல. தம்பிகிட்ட கேட்டு, அவன் கையாலயே எழுதி அனுப்பச் சொல்லுங்க, நான் காத்துக்கிட்டு இருக்கேன்.