ஊர் ஊராகப் போய் மெஷின் கற்றுக்கொடுக்க ஆள் எடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிறையில் சிஎன்சி மெஷின்கள் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்கள்) விற்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். வாங்கியவர்களின் பட்டறைக்கே போய் ஆப்பரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அப்ளிகேஷன் இன்ஜினியர் தேவை. பினாங்கு, கூலிம், ஈப்போ, கோலாலம்பூர், சில சமயம் ஜொகூர் வரை பயணம் இருக்கும். முன்பு இருந்தவர் பட்டதாரி, மெஷினில் கெட்டிக்காரர். ஆனாலும் அவர் வந்துபோன பிறகு வாடிக்கையாளர்கள் எங்களுக்குத்தான் போன் செய்தார்கள். ஒரு வருடத்தில் அவரும் வேலையை விட்டுவிட்டார். அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், பிறை

பதில்: ஐயா, அந்தப் போன் அழைப்புகளிலேயே பதில் இருக்கிறது. பயிற்சியாளர் நிற்கும்போது மெஷின் ஓடுவது பெரிய விஷயமில்லை. அவர் கிளம்பிப் போன மறுநாள் காலை அந்த ஆப்பரேட்டர் தனியாக நின்று, சரியான அளவில் முதல் பீஸை எடுக்க வேண்டும். ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, பயண அட்டவணை போடுவது எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில் வைத்துப் பாருங்கள்.

நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசினால் இது தெரியாது. உங்கள் ஷோரூமில் இருக்கும் ஒரு மெஷின் முன்னால் அவரை நிறுத்துங்கள். ஒரு டிராயிங், 6061 அலுமினியத் துண்டு ஒன்று, கூடவே மெஷினைத் தொட்டே பார்க்காத உங்கள் ஸ்டோர் பையன் ஒருவர். ஒரு மணி நேரத்தில் அந்தப் பையனுக்கு டூல் நீளம் எடுக்கவும், ஜி54-இல், அதாவது அளவுகள் தொடங்கும் இடத்தைப் பதிவு செய்யும் அமைப்பில், பூஜ்ஜியப் புள்ளி வைக்கவும், சிங்கிள் பிளாக்கில், அதாவது புரோகிராமை ஒவ்வொரு வரியாக, மெதுவாக ஓட்டிப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது விண்ணப்பதாரரின் கைகளை. அவர் கை பட்டனை விட்டு நகராமல் இருந்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் எப்போது ஓட்டுவது? இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் "ஃபாஹாம்?" (புரிந்ததா?) என்று கேட்டால் "ஃபாஹாம் போஸ்" என்றுதான் பதில் வரும், புரிந்ததோ இல்லையோ. அந்தப் பதிலை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போகிறவரும், "சரி, இப்போது நீ செய்து காட்டு" என்று இரண்டடி பின்னால் தள்ளி நிற்கிறவரும் வேறு வேறு ஆட்கள். இரண்டாமவரை எடுங்கள்.

அப்புறம், கற்றுக்கொடுப்பவருக்குத் தப்பு எங்கே நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது வரும். ஓர் உதாரணம். லேத்தில் விட்டம் 25.00 வர வேண்டிய இடத்தில் 25.04 வருகிறது. டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட்டில் மைனஸ் 0.04 போட வேண்டும். ஃபேனக் கன்ட்ரோலரில் அதற்கு இரண்டு பட்டன் உண்டு, 'இன்புட்' ஒன்று, 'பிளஸ் இன்புட்' ஒன்று. பிளஸ் இன்புட் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு கூட்டும், வெறும் இன்புட் பழைய எண்ணை அழித்துவிட்டு புதியதை எழுதும். புது ஆப்பரேட்டர் முதல் தடவை எதை அழுத்தினாலும் சரியாகவே வரும், ஏனென்றால் பழைய எண் பூஜ்ஜியம். மூன்று நாள் கழித்து, இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்து இரண்டாவது முறை திருத்தும்போதுதான் அளவு எங்கோ போகும், அதற்குள் உங்கள் ஆள் ஈப்போவில் இருப்பார். அதே மாதிரி, புரோகிராமில் எக்ஸ்10 என்று தசமப் புள்ளி வைக்காமல் எழுதினால், பாராமீட்டர் அமைப்பைப் பொறுத்து, மெஷின் அதை 10 மில்லிமீட்டராக எடுக்காமல் 0.010 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். நல்ல பயிற்சியாளர் இந்தத் தப்புகளை வேண்டுமென்றே செய்ய வைத்து, கட்டர் காற்றில் ஓடும்போதே ஆப்பரேட்டர் கண்ணால் பார்க்கும்படி செய்வார். விண்ணப்பதாரரிடம் "புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு என்ன?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினால் பாதித் தேர்வு முடிந்தது.

ஆள் எங்கே கிடைப்பார் என்றால், பட்டம் கட்டாயம் என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்ததிலிருந்து அங்கே இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்), டெஸ்ட் சாக்கெட் பாகம் என்று செய்துகொடுத்தே பினாங்கின் சிறு பட்டறைகள் வளர்ந்தன. அந்தப் பட்டறைகளில் மில்லிங்கும் லேத்தும் இரண்டும் பார்த்து, ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்) ஒருவர் நிச்சயம் இருப்பார். 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம், அட்தெக் என்ற அரசுத் தொழிற்பயிற்சி மையம், பாலிடெக்னிக் போன்ற இடங்களில் கற்பிக்கும் பயிற்றுநர்களையும் விசாரியுங்கள். மலாய் கட்டாயம் வேண்டும். நேபாளத் தொழிலாளியாக இருந்தாலும் வங்காளதேசத் தொழிலாளியாக இருந்தாலும் பட்டறையில் பொது மொழி அதுதான். முதலாளியிடம் பேச மாண்டரினோ ஹொக்கியனோ தெரிந்தால் நல்லது.

இனி, முன்பு இருந்தவர் ஏன் போனார் என்ற விஷயம். அவரை நீங்கள் பயிற்சிக்கு மட்டும்தான் பயன்படுத்தினீர்களா? இந்த வேலையில் இருப்பவர்களை விற்பனைப் பிரிவு டெமோவுக்குக் கூப்பிடும், சர்வீஸ் பிரிவு ஸ்பிண்டில் அலாரத்துக்குக் கூப்பிடும். பயிற்சி மிச்ச நேரத்தில் நடக்கும். அவர் விற்பனை மேலாளருக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "மெஷின் வாங்கினால் மூன்று நாள் பயிற்சி இலவசம்" என்று வாக்குக் கொடுப்பவரும் அந்த மூன்று நாளை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பயிற்சிக்கு யாரும் வாதாடமாட்டார்கள்.

வாடிக்கையாளரிடமும் எழுத்தில் வாங்குங்கள். எந்த ஆப்பரேட்டர் பயிற்சி எடுக்கிறார், அந்த நாட்களில் அவரை வேறு மெஷினுக்கு இழுக்கமாட்டோம், டிராயிங் ஒரு வாரம் முன்பே வரும், மெட்டீரியலும் டூலும் சாஃப்ட் ஜாவும் (பீஸைப் பிடிக்கும் மென்மையான தாடைகள்) தயாராக இருக்கும் என்று. இது இல்லாமல் போனால், காலை பத்து மணிக்கு முதலாளி வந்து "அவசர ஆர்டர், இதை ஓட்டிக் கொடுங்கள்" என்பார், உங்கள் இன்ஜினியர் மூன்று நாளும் சம்பளமில்லாத ஆப்பரேட்டராக நிற்பார். மெஷின் இறங்கிய அடுத்த நாளே எல்லாவற்றையும் ஊட்டாதீர்கள். முதலில் இரண்டு நாள், மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி ஒரு நாள். அந்த இரண்டாம் வருகையில்தான் உண்மையான கேள்விகள் வரும். பயணச் செலவு கூடும்தான், இருந்தாலும் தினமும் வரும் போன் அழைப்புகளுக்கு இது மலிவு.

பயணம் பற்றி. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஜொகூர் பாரு என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜொகூர்ப் பட்டறையில் நிற்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையே கிளம்ப வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்பதை வேலைக் கடிதத்திலேயே எழுதுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 45 மணி. சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால் ஓவர்டைம் சட்டப்படி கட்டாயமில்லை, அதற்காகப் பயண நேரத்தைக் கணக்கில் விடாதீர்கள், மாற்று விடுப்பாவது கொடுங்கள். ஹோட்டலை நிறுவனமே பதிவு செய்து பணம் கட்டட்டும். பெட்ரோல், டோல் க்ளைம் அதே மாதச் சம்பளத்தோடு வர வேண்டும். தன் கைக்காசைப் போட்டு இரண்டு மாதம் காத்திருக்கும் ஆள் மூன்றாவது மாதம் சிங்கப்பூர் வேலை விளம்பரங்களைப் படிக்க ஆரம்பிப்பார்.

கேள்வி: பூச்சோங்கில் ஒரு பட்டறையில் மில்லிங் புரோகிராமராக இருக்கிறேன். எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை முடித்திருக்கிறேன். இப்படிப்பட்ட பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. நான் பெண், மாண்டரின் தெரியாது. எடுப்பார்களா?
– வாசகி, சிலாங்கூர்

பதில்: விண்ணப்பியுங்கள் அம்மா, தயங்க வேண்டாம். மாண்டரின் இல்லாதது சில கதவுகளை மூடும் என்பது உண்மை, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் மெஷின் பக்கத்தில் மலாய் போதும், கோலாலம்பூரைச் சுற்றி பாலக்கோங், ஷா ஆலம், சுங்கை பூலோ பக்கம் வேலைக்குக் குறைவில்லை.

இப்போதிருந்தே இரண்டு காரியம் செய்யுங்கள். லேத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு கன்ட்ரோலர் மட்டும் தெரிந்தவராக நிற்காமல் இரண்டாவதாக ஒன்று, ஃபேனக் தெரிந்தால் சீமென்ஸோ மிட்சுபிஷியோ. இரண்டாவது, உங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவருக்கு நீங்களே ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள், எளிய மலாயில், கன்ட்ரோலர் திரையைப் போனில் படம் எடுத்து ஒட்டி. நேர்முகத் தேர்வுக்கு அந்தத் தாள்களை எடுத்துப் போங்கள். சான்றிதழைவிட அவை அதிகம் பேசும். பயிற்றுநருக்கான டிடிடி (பயிற்றுநர் பயிற்சி) சான்றிதழும் எடுத்து வைத்தால் நிறுவனத்துக்கு உங்கள் மேல் கூடுதல் ஆர்வம் வரும், எச்ஆர்டி கோர்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) நிதியில் நடக்கும் பயிற்சிகளுக்குப் பயிற்றுநரிடம் அதைக் கேட்பார்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். எந்த மாதிரி ஹோட்டல், இருட்டுவதற்குள் போய்ச் சேரும்படி அட்டவணை இருக்குமா, நிறுவனக் காரா சொந்தக் காரா. சொந்தக் கார் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அலுவலகப் பயணத்துக்காகத் தரும் பெட்ரோல், பயணப்படியில் வருடத்துக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் முதலாளியிடம் வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பட்டறையில் ஆரம்பத்தில் சிலர் உங்களை விட்டுவிட்டு உங்களோடு வந்த ஆண் சேல்ஸ்மேனிடம் கேள்வி கேட்பார்கள். நீங்கள் முதல் டூலைத் தொட்டு அளவு எடுத்து, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் காட்டிய பிறகு உங்களிடமே வருவார்கள்.

கேள்வி: புக்கிட் மின்யாக்கில் பட்டறை வைத்திருக்கிறேன். பயிற்சி கொடுத்த ஆப்பரேட்டரைப் பக்கத்துப் பட்டறை கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. இனி எதற்குப் பயிற்சி? போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று கையெழுத்து வாங்கலாமா?
– வாசகர், செபராங் பிறை

பதில்: வாங்கினாலும் பயனில்லை. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது, வேலையை விட்ட பிறகு அவர் எங்கே சேர வேண்டும் என்பதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. பயிற்சிக்கு உண்மையாக ஆன செலவுக்காகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதுவது வேறு விஷயம், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி அளவோடு எழுதுங்கள்.

உங்களிடம் மலேசியத் தொழிலாளர்கள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்கு மாதாமாதம் லெவியாக எப்படியும் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் கிடக்க விடாதீர்கள். மெஷின் விற்றவரின் பயிற்சியாளர் வரும்போது ஒருவரை நிறுத்தாமல் இருவரை நிறுத்துங்கள். பயிற்சி முடியும் முன் அந்த இருவரும் தங்கள் கையால் செட்டப் ஷீட் எழுதட்டும்: எந்த டூல், ஹோல்டரிலிருந்து எவ்வளவு வெளியே, ஜா எப்படிப் பிடித்தது, பூஜ்ஜியப் புள்ளி எந்த மூலையில். ஒருவர் போனாலும் தாளும் இன்னொருவரும் பட்டறையில் இருப்பார்கள். மெஷினின் பாராமீட்டர் பேக்கப் (அமைப்புகளின் நகல்) ஒன்றையும் அன்றே எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பயிற்சியாளர் நீங்கள் கேட்கும் முன்பே அதைக் கொடுப்பார்.