களப்பை மறித்த கிரவல் அணை: சிறுதொழிலாளருக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வீச்சுவலைத் தொழில் செய்பவன். எங்கள் களப்பின் ஒடுங்கிய வாயில் புதுப்பாலம் கட்டுகிறார்கள். லொறி போய்வரக் குறுக்கே கிரவல் கொட்டி அணை போட்டு, மூன்று கொங்கிறீட் குழாய் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒன்று மண்ணால் அடைபட்டுவிட்டது. உள்பக்கத் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகக் கிடக்கிறது. போன கிழமை திரளியும் ஓராவும் செத்து ஒதுங்கின. போய்க் கேட்டால் "அபிவிருத்தியை எதிர்க்கிறீர்களா?" என்கிறார்கள். நாங்கள் பாலத்தை எதிர்க்கவில்லை. மாரிக்கு இறால் குஞ்சு எப்படி உள்ளே வரும்? வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் என்ன கேட்டுப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நாங்கள் பாலத்தை எதிர்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே இனி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் முதல் வரியாக்குங்கள். மழைக்கு முன் அணையில் நீர் ஓடப் போதிய வழி திறக்க வேண்டும், கிரவல் கரைந்து பரவாமல் தடுப்புத் திரை கட்ட வேண்டும், வேலை முடிந்ததும் அணையை அடிமட்டம்வரை அள்ள வேண்டும். கோரிக்கை இந்த மூன்றோடு நிற்கட்டும். பாலத்தையே நிறுத்தச் சொன்னால் ஊரே இரண்டாகும், நீதிமன்றமும் தயங்கும்.

முதலில் ஆவணங்கள். கடலோடு தொடுக்கும் களப்புகளின் வாய்ப்பகுதி பெரும்பாலும் கரையோர வலயத்துக்குள் வரும். அங்கே கட்டுமானம் செய்ய 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். இடம் வனசீவராசிகள் ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்தால், 2009இல் திருத்தப்பட்ட தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவுப்படி வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும். அரச நிறுவனமும் இதற்கு விலக்கில்லை. நந்திக்கடலும் அப்படியொரு ஒதுக்கம் என்பதால், அதைச் சுற்றியுள்ளவர்கள் இதைக் குறித்துவையுங்கள். கரையோர வலயத்துக்கு வெளியே என்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வரும். பத்து கிலோமீற்றருக்குக் குறைந்த வீதிக்குச் சுற்றாடல் மதிப்பீடு தேவையில்லை என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 1993 யூன் 24ஆம் திகதிய வர்த்தமானியில் உணர்திறன் மிக்க பகுதிகளின் பட்டியல் ஒன்று உண்டு. 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றர், ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றர் போன்றவை அதில் அடங்கும். அங்கெல்லாம் அந்த நீள வரம்பு செல்லாது. "பழைய பாலத்தைத்தானே திருத்துகிறோம்" என்ற வாதமும் வரும். புதிய தூண் எங்கே இறங்குகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இந்த ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும். அனுமதிப்பத்திரம், அதன் நிபந்தனைகள், சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம், தற்காலிக அணையின் வரைபடம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என் அனுபவத்தில் அனுமதியே இல்லாத வேலை குறைவு. நிபந்தனையை மீறி நடக்கும் வேலைதான் அதிகம். நீரோட்டத்தைத் தடுக்கக்கூடாது என்று ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மாரியைத் தவறவிடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுமக்கள் பயன்படுத்தும் வீதி, ஏரி, ஆறு, வாய்க்கால் முதலியவற்றில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற நிபந்தனைக் கட்டளையிடும் (அகற்று, இல்லையேல் வந்து காரணம் சொல் என்று உத்தரவிடும்) அதிகாரத்தை நீதவானுக்குத் தருகிறது. கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியோடு உங்கள் நீதவான் நீதிமன்றத்துக்கே போகலாம்.

அங்கே இறாலின் கதையை விளக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் வற்றுப்பெருக்கோடு களப்புக்குள் ஏறி, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. அகன்ற வாயால் பரவி ஓடிய தண்ணீரை இரண்டு குழாய்க்குள் அடக்கினால், வெள்ள காலத்தில் அந்தப் பாய்ச்சலை எதிர்த்துக் குஞ்சு ஏறாது. கிரவலின் நுண்மண் மீனின் பூவில் (செவுளில்) படிந்து மூச்சைத் திணறடிக்கும். கலங்கிய நீரில் வெயில் இறங்காததால் அடியில் உள்ள சாதாளை (கடற்புல்) அழுகும்; குஞ்சு ஒளிந்து வளர்வது அந்தச் சாதாளைக்குள்தான். ஒப்பந்தக்காரர் "மீன் வெக்கையால் செத்தது" என்று சொல்வார். அதனால் அணையின் இரு பக்கத் தண்ணீரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் படமெடுங்கள். கடற்றொழில் பரிசோதகரை எழுத்தில் அழையுங்கள். அரசின் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவிடமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறையிடமோ நீர்ப் பரிசோதனைக்குக் கேளுங்கள். சங்கத்தின் கொள்வனவுப் புத்தகத்தில் போன வருடத்து இறால் நிறையும் இந்த வருடத்து நிறையும் இருக்குமே, அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே வயல் செய்பவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அணை திறக்காவிட்டால் மாரி வெள்ளம் முதலில் ஏறுவது அவர்களின் வரம்பில்தான். அவர்கள் கமக்கார அமைப்பின் பெயரில் கையெழுத்திட்டால் பிரதேச செயலகத்தில் கேட்கும் விதமே மாறும்.

அனுமதியே இல்லையென்று தெரிந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு. அதில் தாமதம் உங்களுக்கே பாதகம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஊர்ச்சனத்தால் உயர் நீதிமன்றம்வரை போக முடியுமா என்று மலைக்காதீர்கள்: எப்பாவல பொசுபேற்றுத் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்களே மனுப்போட்டு 2000ஆம் ஆண்டில் வென்றார்கள். இழந்த வருமானத்துக்கு நட்டஈடு கேட்க இரண்டு வருடம் உண்டு. அரசுக்கு எதிராக என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். கடற்றொழில் அனுமதிப்பத்திரத்தையும் சங்க உறுப்பினர் அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அந்தக் களப்பில் தொழில் செய்பவர் நீங்கள் என்பதற்கு அவைதான் முதல் சான்று.