பயன்படுத்துகிற கைக்கு ஏற்ற சாமான்: மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மாலதி: பாட்டி காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். இப்போது விரல் மூட்டெல்லாம் வலி, காய் சீவ முடியவில்லை. வயதானவர்களுக்கென்று தனிச் சாமான் உண்டா?

தனியாகத் தேட வேண்டாம். பிடி தடிமனாக, வழுக்காமல் இருந்தால் போதும். 1990இல் அமெரிக்காவில் ஆக்ஸோ தோல்சீவி வந்தது. மூட்டுவாதத்தால் மனைவி சிரமப்படுவதைப் பார்த்து சாம் ஃபார்பர் கொண்டுவந்தது அது. மெத்தென்ற தடித்த பிடி, விரல் பதிகிற இடத்தில் மெல்லிய வரிகள், ஈரக்கையிலும் நழுவாது. மூட்டுவலி இல்லாதவர்களும் அதையே விரும்பி வாங்கினார்கள். பலம் குறைந்த கையை முதலில் நினைத்துச் செய்த சாமான் மற்றவர்களுக்கும் சௌகரியமாகத்தான் இருக்கும். இப்போதைக்குப் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, கழுவி, பிடியில் இறுக்கமாக மாட்டிவிடுங்கள்.

செல்வம்: சோளத்தில் செய்த மக்கும் கப்பை வீட்டுக்குப் பின்னால் புதைக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அது பிஎல்ஏ, சோளம் போன்ற பயிரிலிருந்து எடுக்கும் ஒரு வகை பிளாஸ்டிக். 60 பாகைச் சூட்டில் நடக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். சில்வர் டம்ளர் வாங்குங்கள்.

குணா: ரப்பர் மர நாற்காலி வாங்கலாமா?

தாராளமாக. 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் எப்படியும் வெட்டுகிற மரம் அது, அதற்கென்று காட்டை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் மாவுச்சத்து அதிகம். வெட்டியதும் போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறிவிடும். மழைச்சாரல் அடிக்கிற அஞ்சடியில், அதாவது வாசல் நடைபாதையில், போடாதீர்கள். அப்புறம், கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். கால்கள் திருகாணியில் நிற்கின்றனவா, பசையில் மட்டுமா? வெறும் பசை என்றால், ஆட ஆரம்பித்த பிறகு உங்களால் இறுக்க முடியாது.

தேவி: சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய விசிறி நல்லதா?

ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். பழுதானால் திறந்து சரிசெய்யத் திருகாணி இருக்கிறதா? மோட்டார் தனியாகக் கிடைக்குமா?

சந்திரன்: மாமாவுக்குச் சர்க்கரை வியாதியால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜெய்ப்பூர் கால் எப்படி?
முருகேசு: அது ஏழைகளுக்கான மலிவுக் கால். நமக்கு எதற்கு?

முருகேசு அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு முன்பிருந்த செயற்கைக் காலின் பாதம் விறைப்பானது, சப்பாத்து போட்டுத்தான் நடக்க முடியும். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு கோயிலுக்குள் போக முடியாது. வாங்கியவர்களே கழற்றி மூலையில் வைத்தார்கள். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் வளையும், சேற்றிலும் நடக்கலாம். விலை குறைந்தது நல்லதுதான், ஆனால் அதன் பெருமை அதில் இல்லை. அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்தார்கள். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

தினேஷ்: எந்த பிராண்ட் கைப்பேசி பசுமையானது?

தேவிக்குச் சொன்னதுதான் தம்பி: திறக்க முடியுமா, பேட்டரியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்ற முடிய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் பெரிய மாற்றம்.

கவிதா: பச்சை முத்திரை போட்ட ரைஸ் குக்கர்?

இதே கேள்வி மறுபடியும். மேலே படியுங்கள். கவிழ்த்துப் பாருங்கள்.

முருகேசு: அப்போது கார்பன் இழையில் செய்த செயற்கைக் காலே வேண்டாமா?

ஓடுகிறவருக்கு நிச்சயம் வேண்டும். சந்திரன், மாமா எங்கே உட்காருவார், செருப்பில்லாமல் எங்கெல்லாம் நடப்பார், குளியலறைத் தரை வழுக்குமா, இதையெல்லாம் எழுதிக்கொண்டு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போங்கள். புண் நன்றாக ஆறிவிட்டதா என்று அவர்கள் பார்த்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். முருகேசு அண்ணனையும் கூட்டிப் போங்கள், அங்கே கால் போட்டு நடக்கிறவர்களிடமே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.