ரயில் தபால் உறைகளைத் தண்ணீரில் போடாதீர்கள்

கேள்வி: என் தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 1930 முதல் 1965 வரை வந்த அறுபது கடித உறைகள் இருக்கின்றன. சிலவற்றில் 'ஆர்.எம்.எஸ்.' (ரயில்வே மெயில் சர்வீஸ், அதாவது ரயில் தபால் சேவை) முத்திரை தெரிகிறது. தபால்தலைகளை நனைத்து எடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா? ரயில் சேகரிப்பாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நனைக்கவே வேண்டாம். அந்தக் காலத்துச் சாதாரணத் தலைகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. தலை, தேதி, முத்திரை, முகவரி நான்கும் ஒன்றாக நிற்கும் உறைதான் அரிது. தலையை உரித்தால் முத்திரை பாதி தலையோடும் பாதி காகிதத்தோடும் பிரிந்துவிடும். கடிதம் எந்த வழியில் போனது என்பதற்கான சாட்சியும் அழியும்.

உறையின் பின்புறத்தை முதலில் பாருங்கள். வழியில் குத்திய முத்திரையும் போய்ச் சேர்ந்த ஊர் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆர்.எம்.எஸ். என்று இருப்பதெல்லாம் ஓடும் வண்டியில் குத்தியது என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஸ்டேஷனை ஒட்டிய தபால் பிரிப்பு அலுவலகங்களும் அதே எழுத்துகளைப் போட்டன. ஊர்ப் பெயரோடு 'சார்ட்டிங்' (தபால் பிரிப்பு) அல்லது 'டி.எம்.ஓ.' (டிரான்சிட் மெயில் ஆபீஸ், தபால் மாற்று அலுவலகம்) என்றிருந்தால் அது நிலையான அலுவலகம். எழுத்தும் எண்ணும் சேர்ந்த பிரிவுக் குறி, 'இன்' அல்லது 'அவுட்', 'செட்' எண் ஆகியவை இருந்தால் மெயில் வேனில் (ரயிலில் இணைத்த தபால் பெட்டியில்) ஓடிய பிரிவு. 'அவுட்' என்பது தலைமையிடத்திலிருந்து புறப்படும் பயணம், 'இன்' திரும்பி வருவது, 'செட்' அன்று பணியில் இருந்த ஊழியர் குழு. எழுத்து கோட்டத்தைக் காட்டும்: இன்று எம் சென்னை, டி திருச்சி, எம்.ஏ. மதுரை, சி.பி. கோயம்புத்தூர். கோட்டங்களின் எல்லைகள் மாறியிருக்கின்றன. அதனால் பழைய முத்திரையை இன்றைய பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தாமதக் கட்டண முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள். தபால் கட்டு கட்டிய பிறகு வேனில் நேராகப் போட்ட கடிதத்துக்குக் கூடுதல் தலை ஒட்ட வேண்டும். ஒட்டாதவை நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தக் குறிப்போடு வந்த உறை என் கணக்கில் படம் போட்ட முதல் நாள் உறைகள் (புதுத் தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்தியவை) பத்துக்குச் சமம்.

இலங்கைக் கடிதங்கள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கும் வரை சென்னை–கொழும்புப் பயணம் தூத்துக்குடி வழியாக நடந்தது. 1964 டிசம்பர் 22–23 இரவுப் புயலில் தனுஷ்கோடிப் பாதை அழிந்தது. உங்கள் உறைகள் 1930-க்குப் பிந்தையவை என்பதால் 1964 என்ற ஆண்டுதான் அவற்றைப் பிரிக்க உதவும். ஆனால் கொழும்பு முத்திரை மட்டும் இருந்தால் 'தனுஷ்கோடி வழி' என்று எழுதிவிடாதீர்கள். விமானத்திலும் தபால் போனது. வழி முத்திரை இருந்தால் மட்டுமே எழுதலாம்.

இனி வெளியில் வாங்கும்போது முத்திரையின் கோடு தலையின் விளிம்பைத் தாண்டி உறையிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். வெற்றிடத்தில் மட்டும் தெளிவாக விழுந்த அரிய முத்திரை சந்தேகத்துக்குரியது, பின்னாளில் குத்தியிருக்கலாம். நயா பைசாத் தலை (அணாவுக்குப் பதிலாக வந்த நாணய முறையின் தலை) 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய தேதியில் இருந்தால் உறை போலி. அணாத் தலை அதற்குப் பின் சில காலம் இருந்தால் பழைய இருப்பு என்று கொள்ளலாம். 'தென்னிந்திய ரயில்வே' என்று அச்சிட்ட அலுவலக உறையும் அப்படியே: தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14-இல் உருவான பிறகும் மிச்சமிருந்த உறைகள் ஓடியிருக்கலாம்.

பாதுகாப்புக்கு பி.வி.சி. உறை ஆகாது. அதன் வேதிப்பொருள் கசிந்து மையைக் கரைக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில், அமிலமில்லாத அட்டை வைத்து நிமிர்த்தி வையுங்கள். செலோடேப், லாமினேஷன், இஸ்திரிப்பெட்டி மூன்றும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். கடிதம் உள்ளே இருந்தால் அதையும் தனியாகப் பிரிக்க வேண்டாம். இரு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய முத்திரை கணினியில் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டினால் படிக்க வரும். மையால் அதன் மேல் எழுதித் தெளிவாக்கினால் உறை பாழ்.

அறுபதையும் தேதிவாரியாக அடுக்காமல், தாத்தா வேலை பார்த்த ரயில் பாதையில் முத்திரை விழுந்தவற்றை மட்டும் முதலில் பிரியுங்கள். ஒரு ஏ-4 தாளுக்கு ஓர் உறை, கீழே புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், இடைவழி முத்திரை, ஒட்டிய தலையின் மதிப்பு. பத்துத் தாள் சேர்ந்தாலே எந்தப் பிரிவு விடுபட்டிருக்கிறது, எதைத் தேடி வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.