உள்ளே ஒரு ரூபா, வெளியே முப்பதாயிரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் அரச உத்தியோகம். ஒவ்வொரு சித்திரை வருசப்பிறப்புக்கும் பண்டிகை முற்பணம் எடுக்கிறோம். அது போதாமல் கடனட்டை, அதுவும் போதாமல் போன வருசம் என் சங்கிலி ஒன்று அடைவுக்குப் போனது. வைகாசி முழுக்க வீட்டில் சண்டை. செலவுக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை விடுகிறோம்?
(ஆசிரியை, சுன்னாகம்)

பதில்: கணக்கு அனுப்பியதற்கு நன்றி ரீச்சர். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி "செலவு தாங்க முடியவில்லை" என்பதோடு முடிந்துவிடும், எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை. நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். உடுப்பு 38,000, விருந்துச் சாப்பாடு 12,000, பலகாரச் சாமான் 9,500, கைவிசேஷம் 6,000, கோயிலும் பொங்கலும் 4,500. மொத்தம் 70,000 ரூபா.

முதலில் கடைசி வரியைப் பாருங்கள். வருசப்பிறப்பு என்று நாங்கள் சொல்கிற சங்கதி, அதாவது மருத்துநீர் வைத்து முழுகி, முற்றத்தில் பொங்கி, கோயிலுக்குப் போய் வருவது, 4,500 ரூபாவோடு முடிந்துவிட்டது. பலகாரத்தையும் கைவிசேஷத்தையும் சேர்த்தாலும் 20,000. மிச்சம் 50,000 உடுப்புக்கும் விருந்துக்கும். அந்த உடுப்புக்குள் 14,500 ரூபாவுக்கு ஒரு சேலை இருக்கிறது, பக்கத்திலே நீங்களே "ஸ்ராஃப் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்ததால்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த அடைப்புக்குறிக்குள்தான் உங்கள் சங்கிலி போயிருக்கிறது.

முற்பணம் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலமாக 10,000 ரூபாவாக இருந்த அந்தக் காசைக் கையில் வாங்கும்போது ஏதோ அரசாங்கம் பண்டிகைக்குப் பரிசு தந்தது போல ஒரு சந்தோசம் வருகிறது, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அது உங்களுடைய அடுத்த சில மாதச் சம்பளம்தான், முன்கூட்டியே உங்கள் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். சம்பளமாக வந்தால் ஒரு கிலோ அரிசிக்கு மூன்று கடை ஏறி விலை கேட்கிற நீங்கள், அதே காசு "பண்டிகைக் காசு" என்று பெயர் மாறி வந்தால் விலை கேட்காமல் நீட்டுகிறீர்கள். ரிச்சர்ட் தாலர் என்ற பொருளியல் பேராசிரியர் இந்தப் பழக்கத்தை, மனதுக்குள் காசைத் தனித்தனி உறையில் போட்டுவைக்கிற பழக்கத்தை, வருசக்கணக்காக ஆராய்ந்தார். 2017இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் அம்மம்மாமார் அதையே நல்ல பக்கத்துக்குப் பாவித்தார்கள்: கோயில் காசு ஒரு முடிச்சு, பள்ளிக்கூடக் காசு ஒரு முடிச்சு, ஒன்றை எடுத்து மற்றதற்குப் போடுவது பாவம்.

சரி, என்ன செய்யலாம்? சித்திரை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 14ஐ ஒட்டித்தான் ஒவ்வொரு வருசமும் வருகிறது, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற காய்ச்சல் இல்லை. 70,000ஐ 12ஆல் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 5,850. உடுப்பைப் பாதியாக்கினால் மாதம் 4,250. பாடசாலையில் நம்பிக்கையான ஆட்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறார்கள் என்றால் பங்குனியில் உங்கள் கை வருகிற மாதிரிக் கேட்டு வாங்குங்கள். ஸ்ராஃபில் ஒரே மாதிரிச் சேலை என்ற பேச்சு அடுத்த முறை வரும்போது, "நான் போன முறை எடுத்ததையே கட்டுகிறேன்" என்று முதலில் வாய் திறக்கிற ஆளாக நீங்கள் இருங்கள். உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் மூச்சு விடுவார்கள்.

கேள்வி: ஆனிக் கடைசியில் அண்ணா குடும்பம் கனடாவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறது. நாலு பேர், ஐந்து கிழமை. போன முறை அவர்கள் வந்து போன பிறகு எங்களுக்கு ஒன்றரை இலட்சம் கடன். அவரிடம் காசு கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், கோண்டாவில்)

பதில்: இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் எழுதவில்லை, போன ஆடிக்குப் பிறகு இதே கதையோடு இன்னும் சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் விருந்தாளிக்காகக் குளியலறைக்கு மாபிள் போட்டு, அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி மற்றவர் பிழையாகக் கணக்குப் போடுகிறீர்கள். ஒரு கனடா டொலர் 200 ரூபாவுக்கு மேல், அதனால் அண்ணா இங்கே எந்த விலையைக் கேட்டாலும் 200ஆல் பிரித்துப் பார்த்து "இவ்வளவுதானா" என்கிறார். விளைமீன் கிலோ என்ன விலை, ஒரு நாள் வான் வாடகை என்ன என்று உங்கள் சம்பளத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. நீங்களோ அவரிடம் காசு கொட்டிக் கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள். ஆடி ஆவணி அங்கே பள்ளிக்கூட விடுமுறை, விமான ரிக்கற் விலை உச்சிக்கு ஏறுகிற காலம். நாலு ரிக்கற்றைக் கடனட்டையில் போட்டுவிட்டு வந்து, தேர் பார்த்து, தீர்த்தம் பார்த்துப் போய், தைப்பொங்கல் மட்டும் அதைக் கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்களுக்குக் காட்டுவதற்காக அவர்களும், அவர்களுக்குக் காட்டுவதற்காக நாங்களும்.

அண்ணா வந்து இறங்கிய பிறகு கேட்காதீர்கள், அப்போது அது கணக்குப் பார்ப்பது போல இருக்கும். இப்போதே, ரிக்கற் போடுவதற்கு முதலே, தொலைபேசியில் சொல்லுங்கள்: "அண்ணா, நீங்கள் வாறது எங்களுக்குச் சந்தோசம். மீன், இறைச்சி, வான் உங்கட பொறுப்பு, மரக்கறியும் மிச்சச் சமையலும் எங்கட பொறுப்பு." இவ்வளவுதான். சொந்தத் தங்கச்சி இப்படிச் சொன்னால் கோபிக்கிற அண்ணா என்றால், அவர் கச்சேரியடியில் அறை எடுத்துத் தங்கட்டும்.

அப்புறம் நல்லூரைப் பற்றி. 25 நாள் திருவிழா. உள்ளே அர்ச்சனைச் சிட்டை ஒரு ரூபா. இந்தக் காலத்தில் ஒரு ரூபாவுக்கு ஒரு ரொபி கூட இல்லை, கந்தன் மட்டும் விலை ஏற்றவில்லை. வீதிக்கு வெளியே வந்தால் கச்சான், தும்பு முட்டாஸ், காப்புக்கடை, ஐஸ்கிரீம், பலூன், பிள்ளை அழுகிற விளையாட்டுச் சாமான். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு பின்னேரம் போய் வந்தால் ஐயாயிரம் மாயமாகிவிடும், ஆறு நாள் போனால் முப்பதாயிரம். கச்சான் வாங்கிக் கொறிக்காமல் வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் நல்லூர் இல்லை. எந்தெந்த நாள் போவது என்பதை வீட்டிலே தீர்மானித்துவிட்டுப் போங்கள். மஞ்சம், சப்பறம், தேர் போதாதா?

கேள்வி: திருவிழாவுக்கு மகன் 8,500 ரூபாவுக்கு ஒரு சேட் கேட்டு நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: நல்லூர் வாசலில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல வேட்டி வரும்.

கேள்வி: உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். அமெரிக்காவில் நத்தார் காலத்தில் மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இங்கேயும் அப்படி ஒரு கணக்கு எடுக்கலாமா?
(மாணவன், சாவகச்சேரி)

பதில்: நல்ல கேள்வி தம்பி. அங்கே தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. நவம்பர் 1 முதல் டிசெம்பர் 31 வரையான சில்லறை விற்பனையை அது "விடுமுறைக் கால விற்பனை" என்று எண்ணுகிறது. வாகனம், எரிபொருள், உணவகம் மூன்றும் இதில் சேராது. 2024இல் அந்தத் தொகை 994.1 பில்லியன் டொலர். இன்னொரு பக்கம் மக்களிடமே "எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள்" என்று கேட்டும் கணக்கு எடுக்கிறார்கள். அதே வருசம் பரிசு, சாப்பாடு, அலங்காரம் எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரி 902 டொலர் என்று பதில் வந்தது.

பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் ஒன்றைக் கவனி. முதல் தொகையில் எல்லாம் பண்டிகைச் செலவு இல்லை, நத்தார் வராவிட்டாலும் அந்த இரண்டு மாதமும் சனம் பாலும் பாணும் வாங்கித்தானே இருக்கும். இரண்டாவது தொகை மனதில் நினைத்தது, கடையில் கொடுத்தது இல்லை. வீட்டில் அம்மாவிடம் வருசப்பிறப்புக்கு முதல் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை கேட்டுப் பார், வித்தியாசம் விளங்கும்.

இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான, செலவின ஆய்வு நடத்துகிறது. 2019இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 63,130 ரூபா. அதற்குப் பிறகு விலைகள் இரட்டிப்புக்கு மேல் போய்விட்டன, அது வேறு கதை. ஆனால் அது வருசம் முழுக்க எடுத்த சராசரி, சித்திரையும் புரட்டாதியும் அதில் கலந்துவிடும். பண்டிகையின் கனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண மாதச் செலவைப் பண்டிகை மாதச் செலவிலிருந்து கழிக்க வேண்டும். உன் ஒழுங்கையில் பத்து வீட்டில் இதைச் செய்து பார். செயற்திட்டத்துக்கு நல்ல தலைப்பு.

கேள்வி: எனக்குச் சின்னதாக ஒரு புடவைக்கடை. நீங்கள் மாதா மாதம் "செலவைக் குறையுங்கள்" என்று எழுதுகிறீர்கள். வருசப்பிறப்பு, நல்லூர், தீபாவளி மூன்றையும் நம்பித்தான் நாங்கள் கடை திறக்கிறோம். எங்களைப் பற்றி யோசித்தீர்களா?
(வியாபாரி, யாழ் நகர்)

பதில்: யோசிக்கவில்லை என்பது உண்மை. கோபம் நியாயம்.

புறக்கோட்டையில் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுத்து, தீபாவளிக்கு மறுநாள் அது வங்கிக்குப் போகும்போது கணக்கில் காசு இருக்குமா என்று நித்திரை கொள்ளாமல் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும், என் மாமா ஒருவரின் கடை அப்படித்தான் பூட்டினது. 2022 சித்திரையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, 14ஆம் திகதி வருசப்பிறப்பு. காஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் பழைய உடுப்போடு விறகு மூட்டித்தான் பொங்கினோம், பொங்கல் வழக்கம் போல இனித்தது. ஆனால் கஸ்தூரியார் வீதியில் ஒரு பொம்மைக்குப் போட்ட சட்டை ஆவணி மட்டும் அப்படியே நின்றதையும் பார்த்தேன்.

நான் சொல்வது ஒன்றுமே வாங்காதீர்கள் என்று இல்லை. கையில் இருக்கிற காசுக்கு வாங்குங்கள் என்பதுதான். கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்த ஆள் ஆறு மாதமாக உங்கள் கடைப் பக்கம் வராமல் மற்ற ஒழுங்கையால் போவது உங்களுக்குத்தானே தெரியும். அடைவு வைத்து வாங்குகிறவர் ஒரு வருசம் வருவார், மாதம் மாதம் சேர்த்து வாங்குகிறவர் ஒவ்வொரு வருசமும் வருவார். ஐப்பசிக்கு ஆடியிலேயே காசு கட்டத் தொடங்குகிறவர்களுக்கு நீங்களே ஒரு கழிவு கொடுத்துப் பாருங்களேன்.

கேள்வி: கடையில் பெட்டியில் அச்சடித்த விலையை விடக் கூட எடுத்தார்கள். பண்டிகைக் காலம் அப்படித்தான் என்றார்கள். யாரிடம் சொல்வது?
(வாசகி, கொடிகாமம்)

பதில்: பண்டிகைக்கு என்று தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை, அதைக் கையில் வாங்கிக்கொண்டு அழையுங்கள்.

கேள்வி: கைவிசேஷம் எவ்வளவு கொடுப்பது மரியாதை? காசாகக் கொடுக்காமல் ஏதாவது பொருளாகக் கொடுத்தால் நல்லதா?
(ஓய்வுபெற்றவர், நவாலி)

பதில்: எங்கள் அப்பு அதைக் கைவியளம் என்பார். வெற்றிலையில் நெல்லும் பூவும் ஒரு நாணயமும் வைத்துத் தருவார், அந்த நாணயத்துக்கு ஒரு ஐஸ்பழம் கூட வராது. இன்னும் அவர் கை ஞாபகம் இருக்கிறது.

பொருள் வேண்டாம் ஐயா. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், நத்தார்ப் பரிசு வாங்கிய மாணவர்களிடம், பாசத்தின் பெறுமதியை விட்டுவிட்டு, இந்தப் பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று கேட்டுப் பார்த்தார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று வந்தது. காசு கொடுத்தால் அந்தச் சேதாரம் இல்லை, எங்கள் ஆட்கள் ஆராய்ச்சி இல்லாமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே புது நோட்டு, நூறோ இருநூறோ. லண்டன் பேரனுக்கு ஐயாயிரம், உள்ளூர்ப் பேத்திக்கு நூறு என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு இவ்வளவு புத்தி சொல்கிறீர்களே, போன தீபாவளிக்கு நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள்?
(குறும்புக்காரி, இணுவில்)

பதில்: 22,000 என்று கொப்பியில் எழுதினேன். முடிந்தது 31,400இல். மேலதிகமாகப் போனதில் 7,900 ஒரு ரைஸ் குக்கர், "இன்று மட்டும்" என்று பலகை தொங்கியது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் பக்கத்தில் யாருக்காவது கலியாணம், குடிபூரல் என்றால் சொல்லுங்கள்.