சுவிட்சை அணைத்தும் பல்பு மினுக்குகிறது: வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்களுடையது 1990களில் கட்டிய வீடு. டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி பல்பு போட்டோம். அதிலிருந்து ஹால், படுக்கையறை, மாடிப்படி எல்லா இடத்திலும் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறது. ஹால் பல்பை மாற்றும்போது, சுவிட்ச் அணைந்திருந்தும் என் மனைவிக்கு ஷாக் அடித்தது. பார்க்க வந்தவர், "வயரெல்லாம் ஊறிப்போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். இவ்வளவு செலவு தேவையா?

பதில்: முதலில் அவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, இது சரியாகும் வரை பல்பு, ஃபேன், ப்ளக் எதைத் தொடுவதாக இருந்தாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தொடுங்கள். போர்டில் உள்ள சுவிட்சை நம்ப வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஷாக்தான். பல்பு மினுக்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சுவிட்சை அணைத்தும் ஹோல்டரில் ஷாக் அடிக்கிறதென்றால், உங்கள் சுவிட்ச் ஃபேஸை நிறுத்தவில்லை, நியூட்ரலை நிறுத்துகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் 230 வோல்ட்டைச் சுமந்து வருவது ஃபேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம் இவற்றில் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். திரும்பிப் போகும் வழி நியூட்ரல், அது கருப்பு. பச்சை எர்த், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோவது. சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தாலும் பல்பு எரியும், அணையும், பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அது தண்ணீர் வரும் குழாயை விட்டுவிட்டு, வெளியேறும் ஓட்டையை அடைத்த மாதிரிதான். மின்சாரம் ஹோல்டர் வரை வந்து நின்றுகொண்டே இருக்கும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு எரியக் கால் ஆம்பியர் வேண்டும். ஆகவே வயர் வழியாகவும் ஈரச் சுவர் வழியாகவும் கசியும் துளி மின்சாரத்தை அது கண்டுகொள்ளாது. எல்இடி பல்புக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட்டுக்கு அந்தத் துளியே போதும், மெல்ல ஒளிரும் அல்லது விட்டுவிட்டு மின்னும். எனவே கோளாறு எல்இடி போட்டதால் வந்திருக்காது. முன்பே இருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரே ஒரு பல்பு என்றால் அந்த ஒரு போர்டில் யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். உங்களுக்கு ஹாலும் படுக்கையறையும் சேர்ந்து மினுக்குகிறது. அப்படியானால் மெயினிலோ அதற்கு முன்போ இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம். சமீபத்தில் மீட்டர் மாற்றினார்களா? கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரை மாற்றினார்களா? இன்வெர்ட்டர் போட்டீர்களா? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் 'ஆமாம்' என்று வரும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கம்பத்தில் ஏறியவர் இரண்டு வயரை முடுக்குகிறார், கீழே லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, இறங்கிப் போய்விடுகிறார். மெயினில் டெஸ்டரை வைத்து எது ஃபேஸ் என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தை யாரும் செலவிடுவதில்லை. புது இணைப்புக்கு வயரிங் சரியாக இருக்கிறது என்று லைசென்ஸ் பெற்றவர் சான்று தர வேண்டும் என்பது விதி. வீட்டு வாசலையே மிதிக்காமல் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கித் தரும் புரோக்கர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதிக்கப்படுவது பல்பு மாற்றப் போகும் வீட்டுக்காரர்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு மூன்று பின் ப்ளக் பாயின்ட்டுகளில் ஒன்றையாவது கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நேராக நின்று பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். மேல் ஓட்டைக்குப் பச்சை வயர் வந்திருக்க வேண்டும். பச்சை வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, இடது பக்க நியூட்ரலிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு வயரை எடுத்து மேல் ஓட்டையில் முடுக்கிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. "எர்த் கொடுத்தாச்சு" என்பார்கள். இதே வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் என்ன ஆகும்? நியூட்ரல் என்று நினைத்த வயரில் 230 வோல்ட். அது அந்தத் துண்டு வயர் வழியாக நேராக ஃபிரிட்ஜின் உடம்புக்கு, கிரைண்டரின் உடம்புக்கு, வாஷிங் மெஷினின் உடம்புக்குப் போகும். ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பவர் நேராக ஃபேஸைத் தொடுகிறார். அங்கே ஃபியூஸ் போகாது, எம்சிபியும் இறங்காது. உங்கள் வீட்டில் அந்தத் துண்டு வயர் இருந்தால் இன்றே பிடுங்கி எறியச் சொல்லுங்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? தகுதிச் சான்று பெற்ற கம்பியாளரை. சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வந்தவர் டெஸ்டரை மட்டும் வைத்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள், டெஸ்டர் கசிவுக்கும் மின்னும். ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் (இரண்டு வயர் இணைத்த சோதனை பல்பு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது அது நன்றாக எரிந்தால் ஃபேஸ் அங்கே நிற்கிறது, சந்தேகமே இல்லை. மாற்றம் மீட்டருக்குப் பின்னால் என்றால் கம்பியாளரே சப்ளையை நிறுத்திச் சரிசெய்துவிடுவார், அது சின்ன வேலை. மீட்டரிலோ கம்பத்திலோ என்றால் சீலைத் தொடக்கூடாது, மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும். மின்னகம் எண் 94987 94987. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்ய வருபவர் மெயினில் டெஸ்டர் வைத்துக் காட்டாமல் போக விடாதீர்கள்.

மாடிப்படி பல்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டிலும் போடலாம், அணைக்கலாம் என்ற டூ-வே வயரிங் அங்கே இருக்கும். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஒரே பைப்பில் இரண்டு வயர் ஓடும். பல்பு அணைந்திருக்கும்போது அதில் ஒன்று ஃபேஸில் இருக்கும், மற்றது பல்போடு சேர்ந்திருக்கும். பல அடி தூரம் ஒட்டி ஓடுவதால் உயிருள்ள வயரிலிருந்து பக்கத்து வயருக்குக் கொஞ்சம் மின்சாரம் தாவும். வயரில் வெடிப்பு இல்லாவிட்டாலும் தாவும், புது வயர் போட்டாலும் தாவும். எல்லாம் ஒழுங்காகச் செய்த வீட்டிலும் மாடிப்படி எல்இடி மினுக்குவது இதனால்தான். ஆகவே மெயினில் சரிசெய்த பிறகு ஹால் மினுக்கல் நின்று, மாடிப்படி மட்டும் மினுக்கினால் பதற வேண்டாம். வேறு பல்பு போட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால் பல்புக்கு இணையாக ஒரு சின்ன கெப்பாசிட்டர் போடச் சொல்லுங்கள். 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்று கடையில் எழுதிக் காட்டினால் போதும். ஃபேன் கெப்பாசிட்டரை அங்கே வைக்கக்கூடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பழைய முறையில் மாடிப்படியின் இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையுமே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். அதில் அணைந்த பல்பின் இரண்டு முனையிலும் ஃபேஸ் நிற்கலாம். அப்படி இருந்தால் அந்த ஒரு பாயின்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த ஒன்றரை லட்சம். வயர் ஊறிப்போச்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வயரின் காப்புறை, அதாவது மேலுறை, மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்க மெகர் என்று ஒரு கருவி உண்டு. மெயினை இறக்கி, பல்பு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 500 வோல்ட் டிசி கொடுத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருந்தால் காப்புறை நன்றாக இருக்கிறது. "மெகர் வைத்துப் பார்த்தீர்களா, எந்த அறையில் எவ்வளவு காட்டியது?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஒரு அறையில் மட்டும் குறைந்தால் அந்த அறைக்கு மட்டும் வயர் மாற்றலாம். வயர் பட்டியலை ஒரே கடையில் வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரின் மேலேயே ஐஎஸ் 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தை இரண்டு இடத்தில் போடுங்கள். ஒன்று, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. கசிவு வந்த கணத்தில் சப்ளையை நிறுத்தும். போட்ட அன்றே அடிக்கடி இறங்கினால், "இது ஒத்துவராது" என்று சொல்லி அதைத் தாண்டி நேர் வயர் கொடுப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் மேலே சொன்ன அந்தத் துண்டு வயர் போன்ற ஏதோ ஒரு கோளாறு அதை இறக்கிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று எர்த், அதாவது பச்சை வயரை மண்ணோடு சேர்க்க ஆழமாகப் புதைக்கும் குழாய். சேலத்தில் பல இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். ஏற்காட்டில் இன்னும் மோசம், ஆழம் போக முடியாமல் குழாயை அறுத்துப் பாதியாக்கிப் புதைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு குழாய் ஆழம் போகவில்லையென்றால் தள்ளித்தள்ளி இரண்டு மூன்று இடத்தில் இறக்கி இணைக்க வேண்டும். குழி மூடும் முன் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கடைசியில் மெகர் சோதனையில் வயர் மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், பிடுங்கும் பழைய செம்பு வயர் உங்களுடையது. "குப்பையை நானே எடுத்துக்கறேன்" என்பார்கள். எடைக்குப் போட்டு அந்தப் பணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.